புகை வராத வீடு

என்னிடம் கரி மூட்டை வாங்க வருகிறவர்களுக்கு நான் முதலில் விலை சொல்வதில்லை. "வூட்டுல எத்தன சன்னல் இருக்கு?" என்றுதான் கேட்பேன். அடுத்தது, "புள்ள பெத்தவ யாராச்சும் இருக்காளா?" இந்த இரண்டுக்கும் பதில் வாங்காமல் மூட்டையை வண்டியில் ஏற்றவிட மாட்டேன். குளுவாங் கடைத்தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. கிழவன் கரி விற்கிறானா, பெண் பார்க்க வந்திருக்கிறானா என்பார்கள். சிரிக்கட்டும். தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, சொந்தமாகக் கரிச்சூளை போட்டு, சொந்த லாரியில் கரி ஏற்றிய தமிழன் இந்த வட்டாரத்தில் என்னைத் தவிர எத்தனை பேர் என்று அவர்களே எண்ணிச் சொல்லட்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது கொஞ்ச காலம்தான். மீதி எழுத்தெல்லாம் கடைச் சாமான் சுற்றி வந்த காகிதத்தில் கற்றது. அதனால் இதில் யாரும் இலக்கணம் தேட வேண்டாம். ஆனால் நெருப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் பேசிப் பார்க்கலாம். விறகைக் கையில் தூக்கினாலே எந்த மரம், எத்தனை நாள் காய்ந்தது, அடுப்பில் எப்படி எரியும் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் பேச்சை ஒரு லயமே சேர்ந்து கேட்காமல் போன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். கேட்காமல் போனவர்களில் என் அக்காளும் ஒருத்தி.

முதல் உலகச் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் இருந்தது மலாய் நாட்டில், பாலோவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். எங்கள் தாய் நான் தவழும்போதே காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பனார் அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. என்னை வளர்த்தது அக்காள்தான். தன் தட்டில் இருந்ததை எனக்குத் தள்ளிவிட்டு, கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பால் வெட்டப் போவாள். அவளுக்குக் கல்யாணம் ஆனபோதுகூட, "என் தம்பியும் கூட இருப்பான், சம்மதமா?" என்று மாப்பிள்ளையிடம் நேராகவே கேட்டவள். மாமா நல்ல மனிதர். சம்மதம் என்று சொன்னதோடு கடைசிவரை அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

அக்காளுக்குப் பிள்ளை தங்கவில்லை. முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. அடுத்தது பிறந்து, அழாமலே போயிற்று. மூன்றாவதாக வயிற்றில் இருந்தபோது அவள் பேசுவதே குறைந்துவிட்டது. பேசினால் வயிற்றில் இருப்பதற்குக் கேட்டுப் பயந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. இந்தப் பிள்ளை மட்டும் தங்கிவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று லயத்துக் கோயிலில் மண் தரையில் விழுந்து கும்பிட்டாள். மாமாவும் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தோம்.

என் வேலை புகைவீட்டில். ரப்பர் பாலை உறைய வைத்து, உருளையில் அழுத்தி, ஷீட்டாக்கிக் கழிகளில் தொங்கவிடுவார்கள். அடியில் நெருப்பு மூட்டிப் புகையில் உலர்த்தினால்தான் அது விலைக்குப் போகும். அந்த நெருப்புக்கு நான்தான் பொறுப்பு. சூடு அதிகமானால் ஷீட்டு உருகிவிடும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். என்னை வைத்த பிறகு அந்தத் தோட்டத்தில் ஷீட்டு கெட்டது என்று துரை வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஒருநாள் விடிகாலையில் கதவைத் திறந்த கையோடு உள்ளே போனார். போனவர் திரும்பவில்லை. காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டோம். வாந்தி எடுத்து, தலையைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாகப் பிழைத்தார். அன்றைக்கு உள்ளே புகையே கிடையாது. புகை எல்லாம் அடங்கி, குழியில் கங்கு மட்டும் சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்து நான் ஒன்று தெரிந்துகொண்டேன். புகை இருந்தால் மனிதன் இருமுவான், கண் எரிந்து வெளியே ஓடிவந்துவிடுவான். புகை அடங்கிக் கங்கு மட்டும் கிடக்கும்போதுதான் ஆள் சத்தமில்லாமல் விழுவான். அன்று முதல், எந்தப் பக்கம் காற்றடித்தாலும் கதவை விரியத் திறந்து போட்டு, ஒரு வெற்றிலை மென்று துப்பிய பிறகுதான் உள்ளே கால் வைப்பேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த நாளில் லயத்தில் தீப்பெட்டி என்பது பண்டிகைச் சாமான் மாதிரி. அதிலும் மழைக்காலத்தில் குச்சி நமத்துவிடும். அதனால் சாயங்காலம் ஆனால் பெண்கள் தகரடப்பாவை எடுத்துக்கொண்டு புகைவீட்டுக்கு வருவார்கள். ஆளுக்கொரு கரண்டி கங்கு அள்ளிப் போடுவேன். அந்த லயத்தில் எரிந்த அத்தனை அடுப்பும் என் கையிலிருந்து போன நெருப்பில்தான் எரிந்தது. சும்மா சொல்லவில்லை.

"தம்பி, நல்ல கங்கா பாத்துப் போடு. நேத்து குடுத்தது வூடு போறதுக்குள்ள செத்துப்போச்சு" என்பாள் ஒருத்தி.

"கங்கு தானா சாவலக்கா. வழியில நின்னு நாலு வூட்டுக் கத பேசுனீங்களே, அதுல செத்துச்சு."

"பாருடி, வாய் எம்புட்டு நீண்டு போச்சுன்னு! சீக்கிரம் ஒருத்தியப் பாத்துக் கட்டி வச்சாத்தான் இவன் வாய் அடங்கும்."

"அவ வந்தாலும் கங்குக்கு எங்கிட்டதான் நிக்கணும்" என்பேன். சிரித்துக்கொண்டே போவார்கள். போகும்போது புகைவீட்டுப் பக்கத்துக் கொட்டகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்கள். அங்கே தகரக் கூரைக்கு அடியில் ஆள் உயரத்துக்குக் காய்ந்த விறகு அடுக்கியிருக்கும். எல்லாம் ஷீட்டுக்காக. அதில் ஒரு குச்சியைத் தொட்டாலும் ஆளைத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

லயத்து விறகு என்பது காட்டில் பொறுக்கியதுதான். முதலில் பெரிய காட்டை அழித்தபோது விழுந்த மரங்கள் கிடந்தன, வேண்டிய மட்டும் வெட்டிக்கொண்டார்கள். நாங்கள் தலையெடுத்த காலத்தில் அதெல்லாம் மக்கிப்போயிற்று. மிச்சம் ரப்பர் மரத்துச் சுள்ளிதான். கார்த்திகையில் மழை பிடித்தால் மாதக்கணக்கில் விடாது. அந்தச் சுள்ளி தண்ணீரை உறிஞ்சி, அடுப்பில் வைத்தால் இரண்டு முனையிலும் நுரை தள்ளும். எரியாது. புகையும். பெண்கள் மரத்தில் வழிந்து காய்ந்த ஒட்டுப்பாலைக் கொஞ்சம் பிய்த்து, மடியில் மறைத்துக் கொண்டுவந்து விறகுக்கு நடுவில் செருகுவார்கள். அது பிடித்துக்கொள்ளும். ஆனால் கறுப்பாகக் கமறும் புகை, வீடு பூராவும் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒட்டிக்கொள்ளும். காலையில் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தால் துணியில் மை வரும். மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் கண் சிவக்காத பெண்ணை நான் பார்த்ததில்லை.

அக்காளுக்கு வலி எடுத்தது அப்படி ஒரு மழை நாளில். ஆண் பிள்ளை. அழுதது. அந்த அழுகையைக் கேட்டு மாமா வெளியே மழையில் நின்றுகொண்டே அழுதார். மருத்துவச்சி வெளியே வந்து, "சிங்கக்குட்டியாட்டம் இருக்கான். இனிமே இவனக் காப்பாத்துறது என் பொறுப்பு" என்றாள். லயத்தில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். கங்காணிகூட அவளிடம் குரலை உயர்த்த மாட்டார்.

பச்சை உடம்புக்காரியின் மேல் காற்றுப் படக்கூடாது. பட்டால் ஜன்னி காணும். தாய்க்குக் கண்டால் தாய் போவாள், பிள்ளைக்குக் கண்டால் பிள்ளை போகும். இதுதான் மருத்துவச்சியின் சட்டம். ஊரிலிருந்து எங்கள் ஆட்கள் கொண்டுவந்த சட்டமும் இதுதான். ஊரில் மண் சுவர். இங்கே பலகைச் சுவர், எங்கே பார்த்தாலும் இடுக்கு. மாமா என்ன செய்தார் தெரியுமா? ஒட்டுப்பாலைத் திரிபோல உருட்டி உருட்டி ஒவ்வொரு இடுக்கிலும் வைத்து அழுத்தினார். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த திறப்பில் பலகையடித்துச் சாக்கைத் திணித்தார். கதவுக்கு அடியில் இன்னொரு சாக்கு. ஒரு கொசு நுழைய வழியில்லை. அந்த மாதிரி அடைப்பு ரப்பர் தோட்டத்து ஆளுக்குத்தான் வரும். மருத்துவச்சி சுவரைத் தடவிப் பார்த்து, "இப்பத்தான்யா இது புள்ள பெத்த வூடு" என்று மெச்சினாள்.

ஆனால் வெந்நீர் வேண்டும், மருந்துக் கஷாயம் வேண்டும், அறைக்குள் சூடும் வேண்டும். அஞ்சடியில், அதாவது வீட்டு முன்கட்டில், அடுப்பு வைத்தால் சாரல் அடித்து அணைந்தது. உள்ளே வைத்தால் புகை. பிறந்த பிள்ளை இருமியதை நான் வெளியே நின்று கேட்டேன். பூனை தும்முகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. ஒவ்வொரு இருமலுக்கும் அக்காள், "ஐயோ, ஐயோ" என்று முனகுவாள். அந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்று மாமாவின் முகம் செத்துப்போயிற்று.

நான் கங்காணியிடம் போனேன். "ஐயா, ஒரே ஒரு கட்டு காஞ்ச வெறகு குடுங்க. புள்ள பெத்த வூடு."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஷீட்டுக்கே பத்தலன்னு துரை கத்திக்கிட்டு இருக்காரு" என்றார்.

"என் பங்கு நெருப்புல மிச்சம் புடிச்சுக் காட்டுறேங்க. ஷீட்டு கெடாது. கெட்டா என்னைய அனுப்பிடுங்க."

"உன்னைய அனுப்பிட்டா ஷீட்டு நல்லாயிடுமாடா? போ. காட்டுல கெடக்குறதப் பொறுக்கச் சொல்லு. நம்ம பொம்பளைங்கல்லாம் எப்படிப் பெத்தாங்க?"

அந்தப் பேச்சைக் கேட்டுத் திரும்பி வந்தேன். அன்றிரவும் பிள்ளை இருமியது.

மறுநாள் வேலை விட்டதும் மாமா யாரிடமும் சொல்லாமல் காட்டோரத்தில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளியின் கரிச்சூளைக்கு நடந்துபோய், ஒரு மூட்டைக் கரி சுமந்து வந்தார். மழையில் நனையாமல் இருக்கத் தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டு மூடியிருந்தார். வந்தவர் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை வெட்டி, ஓட்டை போட்டு, உள்ளே களிமண் பூசி அடுப்பாக்கினார். கரி பிடித்ததும் பார்த்தால் புகையே இல்லை. சிவப்பாக, சத்தமில்லாமல், ஒரே சீரான சூடு. அஞ்சடியில் கூடி நின்ற பெண்கள் வாயில் கை வைத்தார்கள்.

"இது துரை வூட்டு நெருப்பாட்டம்ல இருக்கு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"குடுத்து வச்சவடி. நாம பெத்தப்போ புகையில வெந்தோம்."

தகரத்தை உள்ளே தூக்கிக்கொண்டு போகும்போது நான் குறுக்கே நின்றேன். "மாமா, கதவ மூடாதீங்க. ஒரு முழமாச்சும் தொறந்து வைங்க. புகையில்லாத நெருப்புதான் பொல்லாதது. பொகவூட்டுல ஆள் விழுந்தத நீங்களும் பாத்தீங்கல்ல?"

மருத்துவச்சி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "டேய், நீ எத்தன புள்ள பெத்த?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. நெருப்பப் பத்தி எனக்குத் தெரியும்."

"ரப்பரச் சுட்டுக்கிட்டு இருக்கிறவனுக்குப் புள்ள பெத்த வூட்டுல என்னா பேச்சு? ஆம்பள நிக்கிற எடமா இது? கதவத் தொறந்து வச்சு ஜன்னி வந்தா நீ பொறுப்பா? சொல்லு, பொறுப்பா?"

மாமா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உள்ளேயிருந்து அக்காள் குரல் வந்தது. "தம்பி, நீ வேலைக்குப் போ. புள்ள இருமல் நின்னுருச்சு. அது போதும்டா." அக்காள் என்னிடம் அன்பாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

இருமல் நின்றுவிட்டது என்பது உண்மை. அந்த இரவு கதவு இரண்டு மூன்று தடவை திறந்து மூடியிருக்கிறது. மருத்துவச்சி வரப்போக, மாமா கரி போட. அதனால் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியாடா?" என்று காலையில் மருத்துவச்சி என்னைக் கேட்டாள். அடைமழை. பால் வெட்டு இல்லை. மாமாவை வாய்க்கால் வெட்ட அனுப்பிவிட்டார்கள். மருத்துவச்சி தகரம் நிறையக் கரியைப் போட்டுவிட்டு, அடுத்த லயத்தில் ஒரு பிரசவத்துக்குப் போனாள். நாய் தள்ளாமல் இருக்க அக்காள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள்.

நான் மத்தியானம் சோற்றுக்கு வந்தேன். லயத்து முனையில் நின்று பார்த்தால் வரிசையாக எல்லா வீட்டிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. கூரை இடுக்கில், பலகை இடுக்கில், கதவு வழியே. ஈரத்தில் மேலே போக முடியாமல் தாழவே தவழ்ந்தது. அந்த ஒரு வீட்டில் மட்டும் இல்லை. பார்த்ததும் அங்கேயிருந்தே ஓடினேன்.

"அக்கா" என்றேன். கதவைத் தட்டினேன். "அக்கா!"

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "எதுக்குக் கத்துற? ராவெல்லாம் முழிச்சவ. தாயும் புள்ளையும் இப்பத்தான் நல்லாத் தூங்குறாங்க. சத்தமே இல்ல பாரு."

சத்தமே இல்லை என்றுதான் நானும் சொன்னேன். நாலு எட்டுப் பின்னால் போய் ஓடிவந்து கதவைத் தோளால் இடித்தேன். இரண்டாவது இடியில் தாழ் பெயர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி அலறினாள். "டேய் பாவி, காத்து! காத்து!"

உள்ளே ரப்பரும் கரியும் கலந்த ஒரு வெக்கை. மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். அக்காள் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள், வாந்தி கன்னத்தில் வழிந்திருந்தது. அவளை அக்குளில் கை கொடுத்து அஞ்சடிக்கு இழுத்துப் போட்டேன். திரும்பிப் போய்ப் பிள்ளையை எடுத்தேன். துணிக்குள் கதகதவென்று இருந்தான். உதடு வெற்றிலை போட்ட மாதிரிச் சிவப்பு. நெஞ்சு ஏறி இறங்கியதா என்றால், ஏறியது. எனக்குக் கையில் தெரிந்தது. துணியை விலக்கி, சாரல் அடிக்கிற அஞ்சடி ஓரத்தில் நின்று, காற்று முகத்தில் படும்படி அவனைத் தூக்கிப் பிடித்தேன். வாயில் ஊதினேன். நெருப்பை ஊதி ஊதிப் பழகிய நெஞ்சு இது. அன்றைக்கு உதவவில்லை.

அந்த நேரத்தில்தான் அக்காள் கண் திறந்தாள். அவள் பார்த்தது இதுதான்: கதவு உடைந்து கிடக்கிறது, மழையும் காற்றும் அடிக்கிறது, அதற்கு நடுவில் நான் அவள் பிள்ளையை வெற்றுடம்பாகத் தூக்கிப் பிடித்திருக்கிறேன்.

"எம்புள்ளய என்னடா பண்ற?" என்றாள். எழுந்திருக்கப் பார்த்து மறுபடி விழுந்தாள்.

பிள்ளை பொழுது சாயும்வரை இருந்தான். பிறகு இல்லை. தோட்டத்து மருந்துக்காரர் குடையோடு வந்து, இமையைத் தூக்கிப் பார்த்து, "குளிர் கண்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மருத்துவச்சி வந்தாள். நடந்ததைக் கேட்டாள். உடைந்த தாழைக் கையில் எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள். கதவை உடைத்துக் காற்றை உள்ளே விட்டுப் பிள்ளையைக் கொன்றவன் நான்தான் என்று லயம் தீர்த்துக்கொண்டது.

மறுநாள் அவனை ரப்பர் மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தோம். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. மாமா தொப்பியால் இறைத்து இறைத்து ஊற்றினார்.

லயமே என்னிடம் கங்கு வாங்குவதை நிறுத்திவிட்டது. நமத்த தீக்குச்சியை மடியில் வைத்துச் சூடாக்கி உரசினாலும் உரசினார்கள், என்னிடம் வரவில்லை. சாயங்காலம் கரண்டியைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்பேன். என்னால் தாங்க முடியாதது அதுதான். நான் சொன்னது சரி. என் பேச்சைக் கேட்டிருந்தால் பிள்ளை இருந்திருப்பான். நான் போகாவிட்டால் தாயும் சேர்ந்து போயிருப்பாள். இதை எப்படியாவது அவர்கள் கண்ணுக்குக் காட்டிவிட வேண்டும் என்று வெறி பிடித்தது.

பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஒருவரிடம் நல்ல சேவலாக ஒன்று வாங்கினேன். மாமாவிடம் அந்த அறையை ஒரு காலை மட்டும் விடும்படி கேட்டேன். அவர் தலையை அசைத்தார், அது சரி என்றா வேண்டாம் என்றா எனக்குத் தெரியாது. அக்காள் பக்கத்து வீட்டில் படுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லாத காலை. கதவைச் சரிசெய்து, அதே அறையில் அதே தகரத்தில் கரியை மூட்டி, சேவலைக் காலில் கயிறு கட்டி உள்ளே விட்டு, சாக்கைத் திணித்து மூடினேன். "எல்லாரும் வாங்க. வந்து பாருங்க. காத்து கொல்லுதா, கரி கொல்லுதான்னு பாருங்க" என்று லயம் முழுக்கக் கூப்பிட்டேன். கங்காணி வந்தார். மருத்துவச்சியும் வந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

முதலில் சேவல் கூவியது. யாரோ சிரித்தார்கள். பிறகு இறக்கை அடிக்கும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. வெயில் நன்றாக ஏறிய பிறகு கதவைத் திறந்தேன். சேவல் படுத்திருந்தது. கொண்டை நல்ல சிவப்பு. காயமில்லை, ரத்தமில்லை. காலைப் பிடித்துத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன்.

"இப்ப என்னா சொல்றீங்க? காத்தா அடிச்சுது?"

முன்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டிச் சேவலைப் பார்த்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மருத்துவச்சி மெதுவாகச் சொன்னாள்: "துடிக்காம செத்துருக்கு. ஒரு காயமில்ல. இது முனி அடிச்ச சாவு. கதவ ஒடச்சு உள்ள விட்டானே, அது இன்னும் வெளிய போவல. வூட்டுலயே ஒக்காந்திருக்கு."

ஒரு பெண் குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பின்வாங்கினார்கள். கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்த வூட்டப் பூட்டிப் போடுங்க" என்றார். நான் சேவலும் கையுமாக அஞ்சடியில் நின்றேன்.

திரும்பினால் அக்காள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாளோ.

"எம்புள்ளையையும் கோழியையும் ஒண்ணா வச்சுட்டியே" என்றாள்.

"அக்கா, நான் உனக்காகத்தான்..."

"போடா."

அவ்வளவுதான். சேவலை விட்டது தப்பு என்று இப்போது என் வீட்டிலேயே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. அந்தச் சேவல் சொன்னது சரி. கேட்க ஆளில்லை என்றால் அது சேவலின் குற்றமா?

அந்த வாரமே தோட்டத்தை விட்டேன். போனது அதே தவுக்கேயின் கரிச்சூளைக்கு. எந்தக் கரி அந்தப் பிள்ளையைக் கொன்றதோ அதிலேயே என் பிழைப்பு. மண்ணில் கவிழ்த்த சட்டி மாதிரிச் சூளை, உள்ளே மரத்தை நிற்க வைத்து, வாயைப் பூசி, மூச்சு விடாமல் வேகவைக்க வேண்டும். முதலில் மரம் தூக்கினேன். பிறகு சூளை பூசினேன். புகையின் நிறத்தைப் பார்த்து உள்ளே மரம் வெந்ததா என்று தவுக்கேயை விட முன்னால் சொன்னேன். அவர் வயதாகிச் சீனாவுக்குப் போனபோது சூளை என் கைக்கு வந்தது. சும்மா வரவில்லை, என் நெஞ்சு வெந்து வந்தது. குளுவாங்கில் காப்பிக் கடை, துணி தேய்க்கிற கடை, துரைமார் பங்களா எல்லாம் என் கரியில் எரிந்தன. ஒவ்வொரு வருடமும் கார்த்திகையில் நல்ல காய்ந்த விறகாக ஒரு வண்டி அக்காள் லயத்துக்கு அனுப்புவேன். கரி அனுப்பியதில்லை. வண்டி அப்படியே திரும்பி வரும். ஒருமுறை வண்டிக்காரன் சொன்னான், அவள் ஈரச் சுள்ளியை ஊதிக்கொண்டே, "எங்கிட்ட வெறகு இருக்குன்னு சொல்லு" என்றாளாம். பேசும்போது கண்ணைத் திறக்க முடியாமல் தண்ணீர் கொட்டியதாம்.

அவளுக்கு அப்புறம் ஒரு பெண் பிறந்து தங்கியது. அதையும் கதவை அடைத்துக்கொண்டுதான் பெற்றாள், அடுப்பை அஞ்சடியிலேயே நனைய வைத்துவிட்டு. கதவு மூடியிருந்தது, காற்று வரவில்லை, பிள்ளை பிழைத்தது. அவளுக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பிறகு ரப்பர் விலை தரையில் விழுந்த காலம் வந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கணக்கு முடித்து ஊருக்குக் கப்பலேற்றினார்கள். மாமா ஒரு ஆள் மூலமாகச் செய்தி சொல்லியிருந்தார். பாலோ ரயிலடிக்குப் போனேன். அன்றைக்கும் மழைதான். நடைமேடை முழுக்க மூட்டையும் சட்டியும் பானையும். சிலர் அடுப்பைக்கூடத் தூக்கி வந்திருந்தார்கள். மாமா தலை நரைத்து, கூன் விழுந்து நின்றார். என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"பெரிய ஆளாயிட்டப்பா."

"இங்கயே இருங்க மாமா. நாலு குடும்பத்த வச்சுச் சோறு போட என்னால ஆவும்."

"தெரியும்." ரயில் பெட்டிப் பக்கம் பார்த்தார். "அவ வரமாட்டா."

அக்காள் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் இமை தடித்து, முடியில்லாமல், எப்போதும் அழுத மாதிரி. பக்கத்தில் அந்தப் பெண், மெலிந்த கழுத்து, லேசாக இருமிக்கொண்டிருந்தாள். நான் சன்னலுக்கு நேராகப் போய் நின்றேன்.

"அக்கா."

அவள் என்னைப் பார்த்தாள். பார்வை தெளிவாக இருந்ததா, யார் என்று தெரிந்ததா என்று சொல்ல முடியாது. "சாரல் அடிக்குது" என்றாள், என்னிடமா மகளிடமா தெரியவில்லை. மகளின் காதை முந்தானையால் மூடினாள். பிறகு இரண்டு கையாலும் சன்னல் பலகையைப் பிடித்து இழுத்து இறக்கினாள்.

ரயில் உடனே கிளம்பவில்லை. மழை கனத்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சன்னலை இறக்கினார்கள். உள்ளே அத்தனை ஜனம், அத்தனை மூட்டை, யாராவது அடுப்பில் கங்கு வைத்திருந்தால்கூடத் தெரியாது. நான் குடையில்லாமல் அந்தப் பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தேன். கடைசியில், கதவுக்குப் பக்கத்தில், ஒரு சன்னல் இறங்காமல் பாதியில் சிக்கி நின்றது. அதன் வழியே ஒரு கிழவர் கையை வெளியே நீட்டி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, அத மூடாதீங்க" என்றேன்.

"மூடத்தான் பாத்தேன். மாட்டேங்குது" என்றார்.

ரயில் போகும்வரை அந்தச் சன்னலுக்குக் கீழேயே நின்றுவிட்டு வந்தேன்.